‘மருந்து வேண்டாம்’ என்று சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும்

நெல் வயலில் இலை சுருண்டு வெளுத்துப் போகிறது. தென்னை ஓலையில் கரி பூசியதுபோல் கறுப்பு படிகிறது. பருத்தியில் சப்பை கொட்டுகிறது. அடுத்த நாள் காலையில் நீங்கள் யாரிடம் போய்க் கேட்கிறீர்கள்?

பெரும்பாலான ஊர்களில் இதற்குப் பதில் ஒன்றுதான். பாதிக்கப்பட்ட இலையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில், ஒரு பொட்டலம் எடுத்து வைக்கிறார். ‘இதையும் சேர்த்து டேங்குக்கு இவ்வளவு’ என்கிறார். வேலை முடிந்தது.

இது என் ஊகம் மட்டுமல்ல. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003இல் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நவீனத் தொழில்நுட்பம் பற்றி எந்த வழியிலாவது தகவல் பெற்றவர்கள் 40 சதவீதம் பேர்தான். சக முன்னோடி விவசாயிகளிடம் பெற்றவர்கள் 16.7 சதவீதம். இடுபொருள் விற்பனையாளரிடம் பெற்றவர்கள் 13.1 சதவீதம். அரசின் விரிவாக்கப் பணியாளரிடம் பெற்றவர்கள் 5.7 சதவீதம் மட்டுமே. அதற்குப் பிறகு கைபேசி வந்துவிட்டது, செயலிகள் வந்துவிட்டன. ஆனால், வயலில் பிரச்சினை என்றால் கால் போகும் திசை மாறிவிட்டதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைக்காரர் மீது குற்றமில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இரவு எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கிறது. அறுவடை வரை கடன் கொடுக்கிறார். உங்கள் வயல் எது, போன போகம் என்ன வைத்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விற்பனையாளர்களுக்கென்றே நடத்தப்படும் ஓராண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, பயிர் பாதுகாப்பைச் சரியாகவே சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது? விற்ற பாட்டிலிலிருந்து வருகிறது. சொன்ன ஆலோசனைக்கு அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ‘இதற்கு ஒன்றும் அடிக்க வேண்டாம், பத்து நாளில் பயிர் தானே தேறிவிடும்’ என்று ஒருவரை அனுப்பினால் அன்றைக்கு அவர் கல்லாவில் ஒன்றும் விழாது. நல்ல மனிதராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அவர் சொல்லாவிட்டால், ‘வேண்டாம்’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? விரிவாக்கப் பணி பற்றிய எல்லாப் பேச்சும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அடிக்காமல் இருப்பதும் தொழில்நுட்பமே

மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

பொள்ளாச்சிப் பகுதியில் 2016இல் தென்னையில் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஓலையின் அடியில் வட்ட வட்டமாக முட்டை, மேலே ஒட்டும் கழிவு, அதன்மேல் கரும்பூசணம். பார்த்தாலே பயம் வரும். பயந்தவர்கள் கடுமையான பூச்சிக்கொல்லிகளை அடித்தார்கள். ஆனால், இந்த ஈயைக் கட்டுப்படுத்தும் ‘என்கார்சியா’ என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி நம் தோப்புகளிலேயே தானாகப் பெருகிக்கொண்டிருந்தது. மருந்து அடித்த தோப்பில் ஈயோடு சேர்ந்து குளவியும் செத்தது. தப்பிய ஈ மறுபடி பெருகியது, தடுக்கக் குளவி இல்லை. விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: ரசாயன மருந்து அடிக்காதீர்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கலந்து பசையாக்கித் தெளியுங்கள், காய்ந்ததும் உரிந்து விழும். ஒட்டுண்ணி இருக்கும் ஓலைத் துண்டை எடுத்துவந்து உங்கள் தோப்பில் கட்டுங்கள். இந்தப் பட்டியலில் உரக்கடையில் லாபம் தரும் பொருள் ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது, பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோவையில் தென்பட்ட இந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றில் ‘அசரோஃபேகஸ்’ என்ற ஒட்டுண்ணியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் பெருக்கின. வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக அது விவசாயிகளின் வயலுக்குப் போனது. பூச்சி அடங்கியது. ஒட்டுண்ணியைப் பெருக்கியது ஆராய்ச்சி. அதை வயலில் விட்டதும், ‘விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள்’ என்று சொல்லிப் புரிய வைத்ததும் விரிவாக்கம். இரண்டாவது வேலை நடக்காமல் முதல் வேலைக்குப் பலன் கிடையாது.

மூன்றாவது நம் நெல் வயல். நட்ட முதல் முப்பது நாளில் இலையைத் தின்னும் பூச்சிகளைப் பார்த்துப் பதறி மருந்து அடிக்கிறோம். அந்த வயதில் பயிர் புதுத் தூர் விட்டு, புது இலை விட்டு இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். அப்போது அடிக்கும் மருந்தால் முதலில் சாவது சிலந்தியும் பொறிவண்டும் நீர்மிதப்பான்களும். காவலுக்கு இருந்தவர்கள் போய்விட்டால் பிறகு வருவது புகையான். வியட்நாமின் மேகாங் கழிமுகப் பகுதியில் 1990களில் இதையே விவசாயிகளுக்குச் சொன்னார்கள். ‘நம்ப வேண்டாம், வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டு நீங்களே பாருங்கள்’ என்றார்கள். வானொலி நாடகம் வழியாகவும் பரப்பினார்கள். பார்த்தவர்கள் மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள்.

‘அடிக்கவே கூடாது’ என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் சதுர மீட்டருக்கு இரண்டு இருந்தாலோ, குருத்துக் காய்தல் பத்து சதவீதத்தைத் தொட்டாலோ நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். இலைச் சுருட்டுப்புழு, தூர்கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலைகளுக்கு மேல் தாக்கினாலும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலும் அப்படித்தான். புகையான் தூருக்கு ஒன்று என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இவை பல்கலைக்கழகப் பரிந்துரையில் அச்சாகியிருக்கும் எண்கள்தான். ஆனால், உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வயலில் உங்களோடு ஒருவர் இருந்தால்தான் அவை பயன்படும்.

அலுவலர் எங்கே போனார்?

‘அதற்குத்தான் அரசு ஆள் போட்டிருக்கிறதே’ என்பீர்கள். போட்டிருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு வேளாண்மை விரிவாக்க மையம். உதவி இயக்குநர், வேளாண்மை அலுவலர், துணை வேளாண்மை அலுவலர், அவர்களுக்குக் கீழே பல ஊர்களைக் கவனிக்கும் உதவி வேளாண்மை அலுவலர். 750 விவசாயிகளுக்கு ஒரு விரிவாக்கப் பணியாளர் வேண்டும் என்பது தேசிய அளவிலான பரிந்துரை. நாட்டின் நடைமுறைச் சராசரி ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. காலிப் பணியிடம் இருக்கும் வட்டாரத்தில் நிலைமை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆள் பற்றாக்குறையை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. இருக்கிற ஆளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம் என்பதுதான் அது. பயனாளிப் பட்டியல், சிட்டா – அடங்கல் சரிபார்ப்பு, மானியக் கோப்பு, பயிர்க் காப்பீட்டு விவரம், பயிர்ச் சேதக் கணக்கு, இணையத்தில் பதிவேற்றம், வயலில் நின்று எடுத்த புகைப்படம், வாராந்திர அறிக்கை. இவற்றில் எதையும் வேண்டாத வேலை என்று சொல்ல முடியாது. வெள்ளச் சேதக் கணக்கு எடுக்காமல் நிவாரணம் வராது. ஆனால், இத்தனையும் முடித்த பிறகு வயலில் இறங்கி ஒரு குத்துப் பயிரை விரித்துப் பார்க்க எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். விரிவாக்க மையமே விதை, உயிர் உரம், நுண்ணூட்டக் கலவை விநியோகிக்கும் இடமாகவும் இருக்கிறது. எவ்வளவு விநியோகம், எத்தனை பயனாளி, எத்தனை ரூபாய் மானியம் என்பதற்கெல்லாம் இலக்கும் உண்டு, அறிக்கையில் கட்டமும் உண்டு. எத்தனை ஏக்கரில் தேவையில்லாத மருந்து தவிர்க்கப்பட்டது, எத்தனை பேர் ஒரு மூட்டை யூரியாவைக் குறைத்தார்கள் என்று கேட்கும் கட்டத்தை நான் எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை. கேட்காத கேள்விக்கு வேலை நடக்காது. அதற்குக் களப் பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கிராமத்திலேயே தங்கும் கிராம சேவக் வந்தார். 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுவை ரகம் வந்தபோது திருச்சி வானொலி நிலையம் அதைப் பற்றி விடாமல் பேசியது. அதைக் கேட்டே விதை தேடிப் போன தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று அது நாடெங்கும் எழுநூறைத் தாண்டிவிட்டது.

1980களில் உலக வங்கி உதவியோடு ‘டி அண்ட் வி’ என்ற பயிற்சி – வயல் பார்வை முறை வந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். களப் பணியாளர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயிற்சி பெறுவார். பிறகு குறித்த கிழமையில், குறித்த ஊருக்கு வருவார். விரிவாக்கம் தவிர வேறு வேலை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்த முறையின் அடிப்படை விதி. அதில் குறைகளும் இருந்தன. மேலிருந்து வந்த செய்தியை அப்படியே ஒப்பிக்கும் வழக்கம் வந்தது. மானாவாரி விவசாயிக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உலக வங்கிப் பணம் நின்றதும் முறையும் தளர்ந்தது. பிறகு 2005-06இல் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை என்ற அட்மா திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. விவசாயிகள் சொல்வதைக் கேட்டுத் திட்டமிட வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், ‘செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீசர் நம் ஊர் வாய்க்கால் பாலத்தில் இருப்பார்’ என்ற நிச்சயம் பழைய முறையோடு போய்விட்டது. அந்த நிச்சயம்தான் கடைக்குப் போகிற காலைத் தடுத்து நிறுத்தக் கூடியது.

கைபேசி போதுமா?

2018இல் வந்த உழவன் செயலி, மானியத் திட்டம், சந்தை விலை, வானிலை பார்க்க மிகவும் உதவுகிறது. 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. இவற்றை அவசியம் பயன்படுத்துங்கள்.

ஆனால், புகைப்படத்தில் இலைதான் தெரியும். வேர் அழுகியிருப்பது தெரியாது. மேல்மடைத் தண்ணீர் உங்கள் வயலில் வடியாமல் நிற்பது தெரியாது. இலை மஞ்சளாக இருந்தால் தழைச்சத்துக் குறையா, துத்தநாகக் குறையா, இரும்புக் குறையா, நீர் தேங்கியதா என்பதைப் பழைய இலையா புது இலையா என்று பார்த்து, மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். யூடியூப்பில் பேசுகிறவரில் யார் விவசாயி, யார் கம்பெனிக்காரர் என்பதும் பல நேரம் தெரிவதில்லை. கைபேசி துணைக்கு இருக்கட்டும். வயலில் நிற்கும் ஆளுக்கு அது மாற்று ஆகாது.

வயலில் குனிந்திருப்பவர் யார்?

ஊரில் ஒரு பயிற்சி நடக்கிறது. யாரைக் கூப்பிடுகிறோம்? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரை. வேட்டி சட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார். நாற்று நடுவதும், களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும் அவர் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வரும் பெண்களும். முட்டைக் குவியலையும் சுருண்ட இலையையும் முதலில் பார்ப்பது குனிந்து வேலை செய்கிற அந்தக் கண்கள்தான். களை எடுக்கும்போதே முட்டைக் குவியலைக் கிள்ளிப் போடச் சொல்லிக் கொடுத்தால் அதற்குத் தனிச் செலவே இல்லை. சொல்லிக் கொடுக்கிறோமா?

அட்மா திட்ட நிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண் விவசாயிகளுக்கும் பெண் பணியாளர்களுக்கும் போக வேண்டும் என்பது விதிமுறை. நிதியோடு நேரத்தையும் யோசிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வட்டாரத் தலைமையிடத்தில் வைக்கும் கூட்டத்துக்கு எந்த அம்மா வருவார்? மாலை நான்கு மணிக்கு, வேலை முடிந்து கரையேறும் இடத்தில், வரப்பிலேயே அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். சுய உதவிக் குழுக் கூட்டம் எப்படியும் நடக்கிறது. அதில் பதினைந்து நிமிடம் கேளுங்கள்.

படித்த பிள்ளைகளை என்ன செய்யப் போகிறோம்?

வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் திட்டத்தில் உங்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். விதை நேர்த்தி செய்து காட்டுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், செய்தித்தாளில் படம் வரும், போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளை வாரந்தோறும் பத்து வயல்களில் பூச்சியை எண்ணி ஊர்ப் பலகையில் எழுத வைத்தால் என்ன? அவர்களுக்கும் படிப்பு, ஊருக்கும் பயன்.

வேளாண் பட்டதாரிகள் நடத்தும் ஆயிரம் உழவர் நலச் சேவை மையங்கள் மானியத்தோடு அமைக்கப்படும் என்று 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. படித்த பிள்ளைகள் ஊரிலேயே தொழில் செய்வதை வரவேற்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அந்த மையமும் இடுபொருள் விற்ற லாபத்தில் மட்டுமே ஓட வேண்டும் என்று விட்டால், பட்டம் மாட்டிய இன்னொரு உரக்கடை ஊருக்கு வரும், அவ்வளவுதான். வயலுக்கு வந்து பார்த்து ஆலோசனை சொல்வதற்கு அந்த இளைஞருக்குத் தனியாக ஒரு தொகை கிடைக்க வேண்டும். அதை அரசு கொடுக்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கொடுக்கலாம், பத்து விவசாயிகள் சேர்ந்தும் கொடுக்கலாம். ‘ஒன்றும் வாங்காதே’ என்று சொன்னாலும் அவருக்குச் சோறு கிடைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

அரசிடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, வாரத்தில் இரண்டு நாளாவது உதவி வேளாண்மை அலுவலருக்குக் கோப்பு, பதிவேற்றம், கூட்டம் எதுவும் கூடாது. எந்த நாளில் எந்த ஊர் என்பது ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு, மானியப் பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும். வேளாண்மை படித்தவரைக் கணினிமுன் உட்கார வைப்பது வீண். மூன்று, அறிக்கையில் ஒரு கட்டம் சேருங்கள்: இந்த மாதம் எத்தனை வயலில் பூச்சியை எண்ணினீர்கள், எத்தனை வயலுக்கு ‘மருந்து தேவையில்லை’ என்று எழுதிக் கொடுத்தீர்கள்?

களப் பணியாளர் நண்பர்களுக்கு ஒன்று. இந்த உத்தரவுகள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஊர், ஒரு கிழமை, ஒரு வயல் என்று தொடங்குங்கள். தொடர்ந்து எட்டு வாரம் அதே வயலில், அதே நேரத்தில் நில்லுங்கள். மூன்றாவது வாரத்தில் ஆட்கள் தாமாக வருவார்கள். உழவர் வயல்வெளிப் பள்ளி என்பதன் சாரமே அதுதான்.

விவசாயிகளுக்குச் சில வேண்டுகோள்கள். உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரின் பெயரும் எண்ணும் கைபேசியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவரைப் பார்க்கும்போது ‘என்ன மானியம் வந்திருக்கு சார்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘வயலுக்கு வந்து பாருங்கள்’ என்று கூப்பிடுங்கள். நாம் மானியத்தை மட்டுமே கேட்டால் அவரும் மானிய அலுவலராகத்தான் இருப்பார். கடையில் மருந்து வாங்கினால் பில் கேளுங்கள், எந்தப் பூச்சிக்கு என்று அதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீரும் தெருவிளக்கும் பேசும் அதே சபையில், ‘எங்கள் ஊருக்கு வேளாண்மை அலுவலர் வரும் நாளை நிர்ணயித்து அறிவிக்க வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் போடுங்கள். செலவில்லாத தீர்மானம்.

கடைசியாக, அடுத்த பட்டத்தில் பத்து சென்ட் நிலத்தை மட்டும் கயிறு கட்டிப் பிரித்து வையுங்கள். உரம், தண்ணீர் எல்லாம் மற்ற வயல் போலவே. நட்ட முப்பது நாள் வரை பூச்சி மருந்து மட்டும் அங்கே வேண்டாம். அதற்குப் பிறகு எண்ணிப் பார்த்து, எல்லை தாண்டினால் மட்டும் அடியுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாகத் தூற்றி எடை போடுங்கள். மருந்து பில்லையும் தெளித்த ஆள் கூலியையும் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு விரிவாக்க மையத்துக்குப் போய்ப் பேசுங்கள்.